நூலகக் கணினியும் நம் பிள்ளைகளும்: எழுதி வைத்த விதி ஏன் வேண்டும்?



சில மாதங்களாக நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் நூலகக் கணினியைப் பற்றிக் கேட்கிறார்கள். "கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, நூலகத்தில் கணினி இருக்கிறது, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தர மாட்டோம் என்கிறார்கள், என்ன செய்வது?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "அங்கே இப்போது நெட் வந்துவிட்டதாமே, பெண் பிள்ளையை இனி அனுப்பலாமா?" என்று மற்றொரு சாரார் தயங்குகிறார்கள். முதல் கேள்வியில் பிள்ளையின் படிப்பு இருக்கிறது, இரண்டாவதில் பிள்ளையின் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டும் நமக்கு வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாமல் இருக்க வழி என்ன என்பதே இக்கட்டுரை.

நூலகம் யாருடைய பணம்?

சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதன்முதலில் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம், ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் முயன்றதன் பலன் அது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. அந்தச் சட்டப்படிதான் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது வரியில் ரூபாய்க்கு 10 காசு. 2,000 ரூபாய் சொத்து வரி என்றால் அதற்கு 200 ரூபாய் நூலகத்துக்கு.

செவிலிமேடு பேரூராட்சியாக இருந்த காலத்திலும், 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்த பிறகும், 2021இல் காஞ்சி மாநகராட்சியான பிறகும் இந்த வரி நின்றதில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே நூலகத்தில் நம் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆனால் ஒன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது இணையம் என்ற ஒன்று கிடையாது. குழு, கட்டடம், புத்தகம், வரி ஆகியவற்றைப் பற்றி அது பேசுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை இணையக் கணினி முன் தனியாக உட்காரலாமா என்று கேட்டால் அதில் பதில் இருக்காது. விதி எழுதப்படாத இடத்தில் அன்று பணியில் இருப்பவர் சொல்வதே விதியாகிவிடும். எச்சரிக்கையான ஊழியர், "நாளைக்கு ஏதாவது என்றால் பழி என் மேல்தான் வரும்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார். தாராளமானவர் யார் என்ன பார்க்கிறார்கள் என்றே கவனிக்க மாட்டார். இருவரையும் குறை சொல்லிப் பயனில்லை. கையில் பிடித்துக்கொள்ள ஒரு தாள் இருவரிடமும் இல்லை.

பிள்ளைக்கு இணையம் எதற்கு?

"எங்கள் காலத்தில் இது இல்லாமலே படிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் இன்றைய அரசுப் பாடநூலைத் திறந்து பார்க்க வேண்டும். பாடத்தின் ஓரத்திலேயே க்யூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. அதைத் திறக்க இணையம் வேண்டும். நீட் தேர்வுக்கும், பொறியியல் கலந்தாய்வுக்கும், அரசின் கல்வி உதவித்தொகைகளுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நம் பகுதி வீடுகளில் தறி ஓடுகிறது, சிறு வியாபாரம் நடக்கிறது. ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது பகல் முழுவதும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். இரவில் திரும்பி வந்தால் அண்ணன் கைக்குப் போகும். பத்தாம் வகுப்புத் தங்கையின் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. நூலகக் கணினி இந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் தேவை. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மக்தபில் படித்தவர்கள் நாம். பயத்தின் பெயரால் பெண் பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டு, பையனின் கையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத போனைக் கொடுத்தால் அது பாதுகாப்பும் ஆகாது, நீதியும் ஆகாது.

சட்டம் எதுவரை வருகிறது?

மத்திய அரசு 2011இல் இணைய மையங்களுக்கு, அதாவது பிரவுசிங் சென்டர்களுக்கு, விதிகள் வகுத்தது. வருபவரின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். பள்ளி அடையாள அட்டை உள்ள சிறுவரை அதைக் கொண்டு அனுமதிக்கலாம். இல்லையென்றால் அடையாளச் சான்றுடன் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். தடுப்பறையின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரை பொதுக்கூடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ உடன் இல்லாமல் சிறுவர்களைத் தடுப்பறைக்குள் விடக் கூடாது. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளை வைக்கலாம். பயன்படுத்தியவர் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வரையறைப்படி, வழக்கமான தொழிலாகப் பொதுமக்களுக்கு இணைய வசதி தரும் இடமே இணைய மையம். இலவசப் பொது நூலகம் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. பத்து ரூபாய், இருபது ரூபாய் வாங்கும் கடைக்காரருக்கு இத்தனை விதி இருக்கும்போது, நம் பிள்ளைகள் போகும் நூலகமும் தானாக முன்வந்து விதி எழுதி வைத்துக்கொள்வதே முறை.

பெற்றோர் அறிய வேண்டிய வேறு சில சட்டச் செய்திகள் உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, சிறுவர் சிறுமியரை ஆபாசமாகக் காட்டும் படங்களைத் தேடுவதும், பதிவிறக்குவதும், அனுப்புவதும் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், இத்தகைய படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குறித்து உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று கடுமையான தீர்ப்பு வழங்கியது. "யாரோ அனுப்பினார்கள், நான் சும்மா வைத்திருந்தேன்" என்ற சமாதானத்தை இனி எளிதில் சொல்ல முடியாது. பெரிய பையன்களுக்கு இதை வீட்டில் சொல்லியே ஆக வேண்டும்.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கணினியில் சேகரித்துக் கையாள வேண்டுமென்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்.

2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறுவர்களுக்கு ஆபாசத் தளங்கள் எளிதில் கிடைப்பதைப் பற்றிய பொதுநல வழக்கு ஒன்றில், ஆஸ்திரேலியாவைப் போல ஒரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று கருத்துச் சொன்னது. அதைக் கேட்டுப் பலரும் "சின்னப் பிள்ளைகளுக்கு இணையமே கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது" என்று பேசினார்கள். அது சரியல்ல. ஆஸ்திரேலியச் சட்டம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. பாடம் படிப்பதையோ, விண்ணப்பம் போடுவதையோ, நூலகத்தில் தகவல் தேடுவதையோ அது தடுக்கவில்லை.

வடிகட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

"ஃபில்டர் போட்டுவிட்டால் கவலை இல்லையே?" என்று கேட்பவர்களுக்காக இது. எளிய வழி ஒன்று உண்டு. இணையப் பெட்டியின் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் குடும்பங்களுக்கான முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்தப் பெட்டி வழியாகப் போகும் எல்லாக் கருவிகளுக்கும் தெரிந்த ஆபாசத் தளங்கள் திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தரும் 1.1.1.3 என்ற முகவரி அவற்றில் ஒன்று. வீட்டிலும் இதைச் செய்துகொள்ளலாம். செலவு கிடையாது.

இதற்கு எல்லை உண்டு. பட்டியலில் இல்லாத புதிய தளம் திறந்துவிடும். ஒரே தளத்தில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தால் இந்த முறையால் பிரிக்க முடியாது. வி.பி.என். செயலி தெரிந்த பையன் சுற்றிக்கொண்டு போய்விடுவான். நூலக வைஃபையை விட்டுத் தன் போனின் டேட்டாவுக்கு மாறினால் நூலகத்து வடிகட்டிக்கு அங்கே வேலையே இல்லை. ஆங்கிலச் சொற்களை வைத்துத் தடுக்கும் மென்பொருள் தமிழில் எழுதிய கெட்ட பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

தவறுதலாகத் தடுப்பதும் உண்டு. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட சொல் ஒளிந்திருப்பதாக வடிகட்டி கண்டுபிடித்ததே காரணம். மார்பகப் புற்றுநோய் பற்றிய பக்கங்களை இப்படிப்பட்ட வடிகட்டிகள் தடுத்ததும் நடந்திருக்கிறது. உயிரியல் பாடத்தில் இனப்பெருக்கத்தைப் பற்றிப் படிக்கும் மாணவிக்கு இது நேர்ந்தால், "இதைத் திறந்துவிடுங்கள்" என்று ஓர் ஆண் ஊழியரிடம் அவள் போய்க் கேட்பாளா? கேட்க மாட்டாள், எழுந்து வீட்டுக்குத்தான் வருவாள்.

மற்ற இடங்களில் எப்படித் தீர்த்தார்கள்?

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணைய வசதிக்காக மத்திய அரசின் குறிப்பிட்ட உதவிகளைப் பெறும் நூலகங்கள் எல்லாக் கணினியிலும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியை வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்நாட்டு நூலகச் சங்கமே எதிர்த்து வழக்குப் போட்டது. நல்ல தகவலும் சேர்ந்து தடுக்கப்படும் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2003 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வயது வந்த வாசகர் கேட்டால் ஊழியர் வடிகட்டியை நிறுத்தித் தர முடியும் என்பது அந்தத் தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று. அந்தச் சட்டப்படி நூலகம் இணையப் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதை ஏற்கும் முன் பொது அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது ஒரு பொதுக் கூட்டமாவது நடத்த வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்கள் உட்கார்ந்து பேசிய பிறகே விதி நடைமுறைக்கு வருகிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது வேறு விதம். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி, மாணவிகள் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்றது. மறுத்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதி என்று கூறி, அவரை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. அந்த மாணவி வயது வந்தவர். பள்ளிப் பிள்ளைக்கு அதே அளவு சுதந்திரம் என்று இதிலிருந்து வாதிட முடியாது. ஆனாலும் ஒழுங்குக்காகப் போடும் விதி அறிவைத் தேடும் வழியை அடைக்கக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 17ஆம் பிரிவும், தகவல் பெறும் உரிமையையும் தீங்கிலிருந்து பாதுகாப்பையும் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறது.

விதியில் என்னென்ன இருக்க வேண்டும்?

நம் அறக்கட்டளையின் வாசிப்பறையில் இரண்டு கணினிகள் வைக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. கணினி வந்து இறங்கும் முன்பே விதியைத் தயாரித்துவிட வேண்டும் என்பது குழுவின் கருத்து. மேலே சொன்னவற்றை வைத்து எழுதிய வரைவு இது. பொது நூலகத்தில் நாம் கேட்க வேண்டியவையும் இவையே.

1. வயது: 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 12 முதல் 17 வரை பெற்றோர் ஒரு முறை கையெழுத்திட்ட ஒப்புதல் போதும். ஒவ்வொரு முறையும் அழைத்து வரத் தேவையில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

2. இடம்: தடுப்பறை கிடையாது. திரை கூடத்தைப் பார்த்திருக்கும். பொறுப்பாளர் தம் இருக்கையிலிருந்தே பார்க்க முடிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்ப்பது கூடாது.

3. வடிகட்டி: இணையப் பெட்டியிலேயே போடப்படும். பாடத்துக்கோ உடல்நலத் தகவலுக்கோ ஒரு பக்கம் தடுக்கப்பட்டால், முகவரியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். பெயர் எழுத வேண்டாம். பொறுப்பாளர் பார்த்து அன்றே திறந்துவிடுவார், அல்லது திறக்காததற்குக் காரணத்தைப் பலகையில் எழுதுவார்.

4. நேரம்: ஒருவருக்கு ஒரு மணி நேரம். காத்திருப்பவர் இல்லையென்றால் தொடரலாம். உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றுக்கு முதலிடம். பெண் பிள்ளைகளின் நேரம் இருட்டுவதற்கு முன் முடியும்படி அமைக்கப்படும். அதற்காக அவர்களின் மொத்த நேரம் குறைக்கப்படாது.

5. பதிவேடு: பெயர், வந்த நேரம், போன நேரம் மட்டும். பிள்ளை எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்பது எழுதப்படாது. ஓராண்டு கழித்துப் பதிவேடு அழிக்கப்படும். பிள்ளைகளின் போன் எண் வெளியார் கண்ணில் படும்படி திறந்து கிடக்கக் கூடாது.

6. துடைப்பு: விண்ணப்பம் போடும் பிள்ளைகள் ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று ஆகியவற்றைக் கணினியில் ஏற்றுகிறார்கள். அவை பதிவிறக்கப் பகுதியில் அப்படியே கிடக்கின்றன. ஜிமெயில் கணக்கையும் மூடாமல் எழுந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்ததும் எல்லாம் தானாக அழியும்படி கணினி அமைக்கப்படும். ஆபாசத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். அடுத்து வந்து உட்காருபவர் எல்லோரும் நல்லவராக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

7. தவறு நேர்ந்தால்: தெரியாமல் ஏதாவது திறந்துவிட்டால் திரையை அணைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையைத் திட்டக் கூடாது, வெளியே அனுப்பக் கூடாது. யாராவது படம் கேட்டு மிரட்டினாலோ பணம் கேட்டாலோ, சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டு எண்களும் கணினிக்கு மேலே பெரிதாக எழுதப்பட்டிருக்கும்.

ஏழாவது விதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மிரட்டப்படும் பிள்ளை வாய் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் மிரட்டுபவன் மேல் உள்ள பயம் மட்டுமில்லை. வீட்டில் என்ன சொல்வார்களோ, படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும்தான். "உண்மையைச் சொன்னால் உன் படிப்பு நிற்காது" என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் எந்த மென்பொருளையும்விட அது பலமான காவல்.

இனி நாம் செய்ய வேண்டியது

நூலகத்துக்குப் போகும்போது, "சிறுவர்களின் இணையப் பயன்பாட்டுக்கு எழுத்தில் விதி இருக்கிறதா, பார்க்கலாமா?" என்று மரியாதையோடு கேளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள், நூறு வேலை. இல்லையென்றால் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். நம்மில் எத்தனை பேர் வாசகர் வட்டத்தில் உறுப்பினர்? சேருங்கள். அங்கே இல்லாதவருக்காக அங்கே யாரும் பேசப் போவதில்லை. அடுத்து மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விதியின் நகலையும் கேட்டுப் பெறலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் எழுதித் தரப்படும். எல்லாச் சமுதாயப் பிள்ளைகளுக்கும் பயன்படும் காரியம் இது. ஆகவே அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள்.

மேலே கண்ட ஏழு விதிகளின் வரைவு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் கூடிப் பேசுவோம். தாய்மார்களுக்குத் தனி இடவசதி உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். விதி அவர்களுக்காக எழுதப்படுவதால் அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். வர முடியாதவர்கள் கருத்தைத் தாளில் எழுதி அலுவலகப் பெட்டியில் போடலாம். எல்லாருடைய கருத்தையும் பார்த்துத் திருத்திய விதியை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் வெளியிடுவோம். அதற்குப் பிறகுதான் கணினி வாங்கப்படும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்